சமோசாவுக்குப் புளி–பேரீச்சை இனிப்புச் சட்னி: முதல்முறை செய்பவர்களுக்கு

‘எலுமிச்சையளவு புளி’ என்று நம் சமையல் குறிப்புகளில் போட்டிருக்கும். எந்த எலுமிச்சை என்று கேட்டால் பதில் இருக்காது. என் அம்மா உருட்டும் எலுமிச்சையையும் என் மாமியார் உருட்டும் எலுமிச்சையையும் தராசில் வைத்தால் ஒன்று மற்றதில் பாதிதான் தேறும். ரசத்துக்கு இது பெரிய விஷயமில்லை. புளிப்பு கூடிப்போனால் அரை டம்ளர் பருப்புத் தண்ணீரை ஊற்றிச் சமாளித்துவிடலாம். இனிப்பும் புளிப்பும் சேர்ந்த சட்னியில் அப்படித் தப்பிக்க முடியாது. தண்ணீர் விட்டால் சட்னி ஓடும். வெல்லம் போட்டால் பாகாகும். மறுபடி புளி, மறுபடி வெல்லம் என்று மாற்றி மாற்றிச் சேர்த்து, எட்டு சமோசாவுக்கு ஒரு குண்டான் சட்னி வந்து நிற்கும். நான் முதல்தடவை செய்தபோது அதுதான் நடந்தது. அந்தச் சட்னியைத் தெருவில் பாதி வீட்டுக்குக் கொடுத்தேன்.

அதனால் இந்தக் குறிப்பில் எல்லாம் கிராம் கணக்கு. வீட்டில் தராசு இல்லையென்றால் புளி வாங்கும்போதே 100 கிராம் பாக்கெட்டாக வாங்கிவிடுங்கள், வேலை முடிந்தது.

செய்யப்போவது எது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சமோசாவுக்கும் கச்சோரிக்கும் தொட்டுக்கொள்ளவும், பேல் பூரி, தயிர் வடை மேல் ஊற்றவும் கொடுப்பார்களே, பளபளவென்று கரும்பழுப்பு நிறத்தில், அந்தச் சட்னி. வடக்கே பொதுவாக மீட்டி சட்னி என்பார்கள், இனிப்புச் சட்னி என்று அர்த்தம். குஜராத்தி வீடுகளில் கஜூர் ஆம்லி சட்னி, அதாவது பேரீச்சை புளிச் சட்னி. டெல்லிப் பக்கம் இதன் உறவுக்காரச் சட்னி ஒன்றுக்கு சோண்ட் என்று பெயர். இந்தியில் சோண்ட் என்றால் சுக்கு. புளியும் வெல்லமும் கிலோ கணக்கில் கொதிக்க, கால் ஸ்பூன் சுக்கு பெயரைத் தட்டிக்கொண்டு போய்விட்டது. சென்னையில் இருப்பவர்கள் சௌகார்பேட்டை மின்ட் தெருவில் ஒரு சாயங்காலம் நடந்தால் போதும். குஜராத்திகளும் மார்வாடிகளும் தலைமுறை தலைமுறையாக வாழும் பகுதி அது. கடைக்குக் கடை இந்தச் சட்னியின் நிறமும் கெட்டியும் மாறுவதைப் பார்க்கலாம்.

புளிக்கும் பேரீச்சைக்கும் பெயரிலேயே ஒரு சம்பந்தம் உண்டு. அரபியில் தமர் என்றால் பேரீச்சை. புளியைத் தமர் ஹிந்தி, ‘இந்தியப் பேரீச்சை’ என்றார்கள் அரபிகள். அதிலிருந்துதான் டாமரிண்ட் என்ற ஆங்கிலப் பெயரும் வந்தது. இத்தனைக்கும் புளியமரத்தின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. கொட்டை எடுத்த பழைய புளியையும் பேரீச்சையையும் ஒரே தட்டில் வைத்துப் பாருங்கள், நிறம், பிசுபிசுப்பு, சுருக்கம் எல்லாம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். பெயர் வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது.

என்னென்ன வேண்டும்

கொட்டையும் நாரும் எடுத்த புளி – 100 கிராம்
கொட்டை எடுத்த மென்மையான பேரீச்சை – 100 கிராம்
வெல்லம் – 150 கிராம் (கூடவே 50 கிராம் கைவசம் இருக்கட்டும்)
தண்ணீர் – மொத்தம் அரை லிட்டர்
சீரகம் – 2 டீஸ்பூன்
காஷ்மீரி மிளகாய்த்தூள் – 1 டீஸ்பூன்
சுக்குப்பொடி – அரை டீஸ்பூன்
கருப்பு உப்பு – அரை டீஸ்பூன்
சாதாரண உப்பு – கால் டீஸ்பூனில் தொடங்கலாம்

இதற்கு ஏறக்குறைய அரை லிட்டர் சட்னி வரும். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு மூன்று தடவைக்குக் காணும். முதல்முறை பயமாக இருந்தால் எல்லாவற்றையும் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அடுப்பில் வைக்கும் நேரத்தைப் பாதியாக்காதீர்கள், அதைக் கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

புளி வாங்கும்போது

இந்தச் சட்னி நன்றாக வருவதும் சொதப்புவதும் முக்கால்வாசி புளியிலேயே தீர்மானமாகிவிடுகிறது. மாசி, பங்குனியில் மரத்தை உலுக்கி எடுத்த புதுப்புளி செம்பழுப்பாக இருக்கும். புளிப்பு சுருக்கென்று ஏறும். ஒரு வருஷம் ஜாடியில் கிடந்த பழம்புளி கறுத்து, பிசின் மாதிரி ஒட்டும். அதன் புளிப்பு கொஞ்சம் அடங்கியிருக்கும், ஆழமும் இருக்கும். குழம்புக்குப் பழம்புளி வேண்டாம், குழம்பு கறுத்துவிடும் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. இந்தச் சட்னிக்கு அந்தக் கறுப்புதான் வேண்டும். புதுப்புளிதான் கிடைத்ததென்றால் 100 கிராமுக்குப் பதில் 80 கிராம் போடுங்கள், அல்லது வெல்லத்தை 180 கிராமாக்குங்கள்.

கெட்டுப்போகாமல் இருக்கப் புளியில் உப்புப் போட்டு அடைத்து வைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. உங்கள் வீட்டு ஜாடிப் புளி அப்படிப்பட்டதா என்று ஒரு துணுக்கை வாயில் போட்டுப் பாருங்கள். உப்புக் கரித்தால், பின்னால் உப்புச் சேர்க்கும்போது அதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

புட்டியில் வரும் புளிப் பேஸ்ட் வேண்டாம் என்பது என் கட்சி. ஒவ்வொரு கம்பெனியின் பேஸ்டும் ஒவ்வொரு கெட்டியில், ஒவ்வொரு உப்பில் இருக்கும். இரண்டு தடவை செய்து பழகியபிறகு அதில் விளையாடலாம்.

வெல்லம் எந்த வெல்லமானாலும் சரி, மண்டை வெல்லம், அச்சு வெல்லம், உருண்டை வெல்லம், ஆனால் கறுப்பாக இருக்கட்டும். மஞ்சளாக, பொன்போலப் பளிச்சென்று இருக்கும் வெல்லத்தில் நிறத்துக்காக ஹைட்ரோஸ் என்ற வெளுக்கவைக்கும் ரசாயனம் போட்டிருக்க வாய்ப்பு அதிகம். அதில் வெல்லத்தின் வாசமும் அவ்வளவாக இருக்காது. சில வெல்லம் உப்புக் கரிக்கும், கரும்பு வளர்ந்த மண்ணும் தண்ணீரும் அப்படி. இதையும் ஒரு துண்டு தின்று பார்த்துவிடுங்கள். நாட்டுச் சர்க்கரை இருந்தால் அதையே போடலாம், அளவு அதேதான். வெள்ளைச் சர்க்கரையில் செய்தால் இனிப்பு வரும், நிறமும் அடியில் நிற்கும் அந்தக் கரும்பு வாசமும் வராது.

பேரீச்சையில் விலை கூடியது வேண்டாம். கொட்டை எடுத்து பாக்கெட்டில் அழுத்தி வைத்து விற்கும் சாதாரணப் பேரீச்சை போதும். கல் மாதிரிக் காய்ந்த ரகம் மட்டும் வேண்டாம், ஊறவே ஊறாது. ‘கொட்டை எடுத்தது’ என்று போட்டிருந்தாலும் ஒவ்வொன்றையும் விரலால் அழுத்திப் பாருங்கள். பாக்கெட்டுக்கு ஒரு கொட்டையாவது ஒளிந்துகொண்டிருக்கும், அது மிக்ஸி பிளேடில்தான் வந்து மாட்டும். பேரீச்சை இதில் இனிப்புக்கு மட்டும் இல்லை. அதன் சதைதான் சட்னியைக் கெட்டியாக்கிப் பளபளப்பும் கொடுக்கிறது. சோளமாவு கரைத்துவிடாமலேயே சட்னி சமோசா மேல் நிற்பது அதனால்தான்.

கருப்பு உப்பு பெயருக்குத்தான் கருப்பு. பொடியாக வாங்கினால் இளஞ்சிவப்பாக இருக்கும். பொட்டலத்தைப் பிரித்ததும் அவித்த முட்டை வாடை வரும், அதில் உள்ள கந்தகச் சேர்மங்களின் வேலை. கெட்டுப்போய்விட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சட்னியில் சேர்ந்ததும் அந்த வாடை அடங்கி, ‘இது கடைச் சுவை’ என்று சொல்லவைக்கும் ஒன்றாக மாறும். அது கிடைக்கவில்லையென்றால் இந்துப்பு போட்டால் ஆயிற்று என்று நினைப்பவர்கள் உண்டு. இந்துப்பில் அந்த வாசம் கிடையாது, அதற்குச் சாதாரண உப்பையே போட்டுக்கொள்ளலாம்.

பாத்திரம்

எவர்சில்வர், அடி கனமானதாக. நான்ஸ்டிக்கும் பரவாயில்லை. அலுமினியமும் இரும்பும் வேண்டாம். பித்தளை விளக்கை எதைப் போட்டுத் தேய்க்கிறோம்? புளியைத்தான். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் விளக்கின் களிம்பைக் கரைத்து எடுப்பது போலவே சமைக்கிற பாத்திரத்தின் உலோகத்தையும் கரைக்கும். ஈயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்பு வைக்கக் கூடாது என்று பாட்டிகள் சொன்னதும் இதற்காகத்தான்.

ஊறவைப்பது

புளியைப் பிய்த்து ஒரு பாத்திரத்தில் போட்டு, கொதிக்கக் கொதிக்க 250 மில்லி தண்ணீர் ஊற்றி மூடிவையுங்கள். பேரீச்சையை வேறொரு கிண்ணத்தில் போட்டு, அதிலும் 100 மில்லி வெந்நீர். இரண்டும் அரைமணி நேரம் ஊறட்டும்.

இரண்டையும் ஒன்றாகப் போட்டு வேகவைத்து, ஒன்றாகவே மிக்ஸியில் அடித்து வடிகட்டுகிறவர்கள் நிறையப் பேர். நேரம் மிச்சம்தான். நானும் முதலில் அப்படிச் செய்தேன். அவசரத்தில் சுடச்சுட ஜாரில் ஊற்றி மூடியைப் போட்டு ஓட்டினேன். ஆவி மூடியைத் தள்ளி, கொதிக்கும் புளி சுவரெல்லாம் தெறித்தது. மணிக்கட்டில் பட்ட தழும்பு மறைய மூன்று மாதம் ஆயிற்று. சூடான எதையும் மூடிய ஜாரில் அடிக்கவே கூடாது. அதுபோக, எவ்வளவு பார்த்து வாங்கினாலும் புளியில் ஒரு கொட்டைத் துண்டோ கோதோ சிறு கல்லோ இருக்கும். மிக்ஸியில் அது அரைபட்டுப் போனால் சட்னியில் ஒரு துவர்ப்பும் நறநறப்பும் வந்துவிடும், வடிகட்டியாலும் எடுக்க முடியாது. அதனால் புளியைக் கையால் கரைப்பதுதான் நல்லது.

கரைப்பது

அரைமணி கழித்துப் புளி கை பொறுக்கும் சூட்டுக்கு வந்திருக்கும். ஐந்து விரலையும் விட்டு நன்றாகப் பிசையுங்கள். ரசத்துக்குக் கரைப்பது போலத் தண்ணீராக எடுத்துவிடாதீர்கள், நமக்கு வேண்டியது சதை. குழம்பு மாதிரிக் கெட்டியாக வரும்வரை பிசைந்து, கம்பி வடிகட்டியில் கொட்டி, ஒரு கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்க்க வேண்டும். டீ வடிகட்டி சரிப்படாது, அடைத்துக்கொள்ளும். மாவு சலிக்கும் சல்லடை இருந்தால் அதையே எடுங்கள். வடிகட்டியின் அடிப்பக்கத்தில் சதை திரண்டு தொங்கிக்கொண்டிருக்கும், அதையும் வழித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். புதிதாகச் செய்பவர்கள் இந்த இடத்தில்தான் கால்வாசிப் புளியை வீணடிக்கிறார்கள்.

மேலே நின்ற சக்கையில் இன்னும் 100 மில்லி வெந்நீர் ஊற்றி இன்னொரு தடவை பிசைந்து வடிகட்டுங்கள். மூன்றாம் தடவை வேண்டாம், வெறும் தண்ணீர்தான் வரும். சக்கையைத் தனியாக எடுத்து வையுங்கள், அதற்கு ஒரு வேலை இருக்கிறது.

பேரீச்சை இதற்குள் ஊறி ஆறியிருக்கும். ஊறின தண்ணீரோடு மிக்ஸியில் வெண்ணெய் மாதிரி அரைத்துவிடுங்கள். தோல் தோலாகத் தெரிந்தால் அதையும் அதே வடிகட்டியில் ஒருமுறை தேய்த்துவிடலாம்.

வெல்லத்தைத் தட்டி 50 மில்லி தண்ணீரில் சூடாக்கிக் கரைத்து வடிகட்ட வேண்டும். பாகு காய்ச்ச வேண்டியதில்லை, கரைந்தால் போதும். வெல்லம் நன்றாகத்தானே இருக்கிறது, அப்படியே போட்டுவிடலாம் என்று தோன்றும். வடிகட்டின பிறகு பாத்திரத்தின் அடியில் இருக்கும் மணலைப் பார்த்தால் அடுத்த தடவை தோன்றாது.

சீரகம்

சட்னி கொதிக்கத் தொடங்குவதற்கு முன்பே சீரகத்தை வறுத்துவிடுங்கள், அடுப்பில் இரண்டு வேலை ஒரே நேரத்தில் வேண்டாம். வெறும் வாணலியைச் சிறு தீயில் வைத்து இரண்டு டீஸ்பூன் சீரகம். முதல் ஒரு நிமிடம் ஒன்றுமே நடக்காது. அப்புறம் பச்சை வாசம் வரும். அதைப் பார்த்து இறக்கிவிடாதீர்கள், அது இன்னும் ரசச் சீரகம்தான். கிளறிக்கொண்டே இருந்தால் நிறம் ஒரு சுற்று இறங்கும், வாசம் திடீரென்று மாறி வேர்க்கடலை வறுத்தது போல ஆகும். ஒரு சீரகத்தை விரலிடுக்கில் வைத்து நசுக்கினால் பொடியாக உதிரும். அதுதான் பதம், உடனே தட்டில் கொட்டிவிடுங்கள். வாணலியிலேயே விட்டால் அடுப்பை அணைத்தபிறகும் கருகும். கருகின சீரகத்தின் கசப்பு சட்னி முழுக்கப் பரவும், எவ்வளவு வெல்லம் போட்டாலும் மறையாது. கருகிவிட்டால் தயங்காமல் கொட்டிவிட்டு வேறு வறுங்கள், இரண்டு ஸ்பூன் சீரகம்தானே.

ஆறியதும் இடிகல்லில் நுணுக்குங்கள். மைபோல வேண்டாம், கொஞ்சம் கரகரப்பு இருக்கலாம். இரண்டு டீஸ்பூன் வறுத்ததில் ஒன்றரை டீஸ்பூன் பொடி தேவைப்படும். மீதியைத் தயிர் வடை மேல் தூவிக்கொள்ளலாம்.

அடுப்பில்

புளிக் கரைசல், பேரீச்சை விழுது, வெல்லக் கரைசல் மூன்றையும் அடிகனமான பாத்திரத்தில் சேர்த்துக் கலந்து நடுத்தரத் தீயில் வையுங்கள். பாத்திரம் பாதிக்கு மேல் நிறையக் கூடாது. கொதி வந்ததும் தீயைக் குறைத்துவிட வேண்டும். கெட்டியான இனிப்புக் கரைசல் கொதிக்கும்போது குமிழி பெரிதாக எழும்பி வெடிக்கும், கையில் தெறித்தால் ஒட்டிக்கொண்டு சுடும். நீளக் காம்புக் கரண்டி எடுத்துக்கொள்ளுங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

மேலே கொஞ்சம் நுரை கட்டும். அதை எடுத்துவிட்டால் சட்னி தெளிவாகப் பளபளக்கும். எடுக்காவிட்டாலும் ருசிக்கு ஒன்றும் ஆகாது.

ஐந்து நிமிடம் கழித்து மிளகாய்த்தூளையும் சுக்குப்பொடியையும் சேருங்கள். நேரடியாகத் தூவினால் கட்டி கட்டும். ஒரு கரண்டி சட்னியை எடுத்துச் சின்னக் கிண்ணத்தில் விட்டு, அதில் பொடிகளைக் குழைத்து ஊற்றுங்கள். காஷ்மீரி மிளகாயில் நிறம் அதிகம், காரம் குறைவு. காரமும் வேண்டுமென்றால் வீட்டு மிளகாய்த்தூளில் கால் டீஸ்பூன் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் இது வேறு சட்னி.

மொத்தமாகப் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் ஆகும். அடியில் பிடிக்காமல் கிளறிக்கொண்டே இருங்கள், கடைசி ஐந்து நிமிடம் முக்கியமாக. பதம் பார்க்க: கரண்டியைத் தூக்கி, அதன் முதுகில் படிந்த சட்னியில் விரலால் ஒரு கோடு போடுங்கள். சூடு, ஜாக்கிரதை. கோடு உடனே மூடிக்கொண்டால் இன்னும் இரண்டு நிமிடம். கோடு அப்படியே நின்று, கரண்டியைச் சாய்த்தால் சட்னி மெதுவாக இறங்கினால் அணைத்துவிடலாம். ‘இன்னும் கொஞ்சம் கெட்டியானால் நன்றாக இருக்குமே’ என்று தோன்றும் நிலையில்தான் இறக்க வேண்டும். ஆறினால் தானாக இறுகும். அடுப்பிலேயே நீங்கள் விரும்பும் கெட்டிக்குக் கொண்டுவந்தால், ஆறினபிறகு ரொட்டியில் தடவும் ஜாமாகிவிடும்.

அணைத்தபிறகு சீரகப்பொடி, கருப்பு உப்பு. இரண்டையும் கொதிக்கவிட வேண்டாம், வாசம் போய்விடும். சாதாரண உப்பை இப்போது கால் டீஸ்பூன் மட்டும் போடுங்கள்.

ருசி பார்ப்பது

இப்போது கை பரபரக்கும், எடுத்து நக்கிப் பார்க்க. பாருங்கள், தப்பில்லை. ஆனால் அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது நாங்கள் முன்பு குடியிருந்த வீட்டுக்கு எதிர்வீட்டு பாபி. ராஜஸ்தான்காரர், முப்பது வருஷமாகச் சென்னைவாசி, தமிழ் நம்மைவிட வேகமாகப் பேசுவார். என் இரண்டாவது முயற்சியின்போது கூடவே நின்றார். நான் கொதிக்கும் சட்னியை ஊதி ஊதிச் சுவைத்து, “இனிப்பு ஜாஸ்தி ஆயிடுச்சு பாபி” என்று புளித் தண்ணீரை எடுக்கப் போனேன். அவர் என் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கி மேடையில் வைத்தார். “இரும்மா, ஆறட்டும். நீ சமோசாவை இதுல சுடச்சுடவா தொட்டுச் சாப்பிடப்போற?” ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டு ஒரு ஸ்பூன் கொடுத்தார். புளிப்புதான் தூக்கலாக இருந்தது. நான் புளித் தண்ணீரை ஊற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் கேட்கவில்லை, சிரித்துக்கொண்டே வெல்லத்தை எடுத்துவந்தார்.

சூட்டில் இனிப்பு தூக்கித் தெரியும், குளிர்ந்தால் மங்கும். ஐஸ்கிரீம் உருகி ஓடினபிறகு குடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கட்டியாக இருந்தபோது அளவாக இருந்த இனிப்பு உருகியதும் திகட்டும். ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்துச் சாப்பிடப்போகிற சட்னியை அடுப்படியில் அளந்தால் கணக்குத் தப்பாகிவிடும். ஒரு ஸ்பூன் சட்னியை எவர்சில்வர் தட்டில் விட்டுப் பரப்பி, இரண்டு நிமிடம் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டாம். கெட்டியும் அதிலேயே தெரிந்துவிடும்.

ஆறின சட்னியைச் சுவைக்கும்போது வெறும் ஸ்பூனில் சுவைக்காமல், உப்புப் போட்ட எதையாவது தொட்டுச் சுவையுங்கள். ஒரு துண்டு சமோசா, ஒரு பஜ்ஜி, எதுவும் இல்லையென்றால் உப்பு பிஸ்கட். தனியாக நக்கினால் கொஞ்சம் கூடுதலாகத் தோன்றுகிற சட்னிதான் மாவுப் பண்டத்தோடு சரியாக இருக்கும்.

சரிசெய்ய ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டிருக்கிறேன். புளிப்பு முகத்தைச் சுளிக்க வைத்தால் முதலில் ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துக் கலக்கி மறுபடி சுவைக்கிறேன். பாதித் தடவை அதிலேயே புளிப்பின் முனை மழுங்கிவிடுகிறது, வெல்லம் தேவைப்படுவதில்லை. போதவில்லையென்றால் கைவசம் வைத்த 50 கிராம் வெல்லத்தில் கொஞ்சம் எடுத்துக் கரைத்து, வடிகட்டி, கலந்து, ஒரு கொதி. இனிப்பு அதிகமென்றால் அரை எலுமிச்சைச் சாறு. அடுப்பை மறுபடி பற்றவைக்க வேண்டாம், அப்படியே பிழிந்து கலக்கலாம். சுவை மொத்தமாகத் தட்டையாக, ஏதோ ஒன்று குறைகிறது என்று தோன்றினால் அது பெரும்பாலும் சுக்கு அல்லது கருப்பு உப்பு. மிகவும் கெட்டியானால் வெந்நீர், ஒரு மேசைக்கரண்டி ஒரு மேசைக்கரண்டியாக. நீர்த்துப்போனால் மறுபடி அடுப்பில் ஐந்து நிமிடம், வேறு வழியில்லை. சோளமாவைக் கரைத்து ஊற்றத் தோன்றும். ஊற்றினால் பளபளப்புப் போய்க் கூழ் மாதிரி ஆகும்.

கசப்பு வந்தால்தான் கஷ்டம். சீரகம் கருகியிருக்கும், அல்லது அடிப்பிடித்திருக்கும். அடிப்பிடித்தது தெரிந்தவுடன் சுரண்டாமல் மேலாக வேறு பாத்திரத்துக்கு ஊற்றினால் பாதியைக் காப்பாற்றலாம்.

பாட்டிலில் போடுவது

முழுக்க ஆறினபிறகு, ஈரமே இல்லாத கண்ணாடி பாட்டில். ஃப்ரிட்ஜில் இரண்டு மூன்று வாரம் தாராளமாக இருக்கும், ஈர ஸ்பூனைப் போடாதவரை. பூசணம் தெரிந்தால் மேலாக வழித்துவிட்டுச் சாப்பிடும் வேலை வேண்டாம், மொத்தமாகக் கொட்டிவிடுங்கள். அதிகம் செய்தால் ஐஸ் டிரேயில் ஊற்றி உறையவைத்து, கட்டிகளைப் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள், இரண்டு மூன்று மாதத்துக்குக் கவலையில்லை. விருந்தாளி வந்தால் நான்கு கட்டி எடுத்துச் சூடாக்கினால் போதும். உலோக மூடி போட்ட பாட்டிலானால் மூடிக்கும் சட்னிக்கும் நடுவில் ஒரு விரல் இடம் விடுங்கள், புளி மூடியை அரிக்கும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் ஒன்று: வெல்லமும் பேரீச்சையும் சேர்ந்து, ஒரு மேசைக்கரண்டிச் சட்னியில் ஒன்றரை டீஸ்பூன் சர்க்கரை அளவுக்கு இனிப்பு இருக்கிறது. வெல்லம்தானே, பேரீச்சைதானே என்று ஊற்றிக்கொள்ள வேண்டாம்.

புளி இல்லாத அவசரத்துக்கு

ஸ்பிரிங் ரோலுக்கோ பொரித்த கோழிக்கோ தொட்டுக்கொள்ள வேண்டுமென்றால் புளிச்சட்னி பொருந்தாது. அதற்குச் சீனர் வழி. சீன மொழியில் இந்தச் சுவைக்கே தாங் சூ என்று பெயர், தாங் என்றால் சர்க்கரை, சூ என்றால் வினிகர். நம் ஊர் ஓட்டல்களில் சிவப்பாக வருவது தக்காளி கெச்சப் சேர்த்தது.

அரை டம்ளர் தண்ணீரில் ஐந்து மேசைக்கரண்டி சர்க்கரை, மூன்று மேசைக்கரண்டி கெச்சப், ஒரு டீஸ்பூன் சோயா சாஸ் போட்டுக் கொதிக்கவிடுங்கள். இரண்டு டீஸ்பூன் சோளமாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, கிளறிக்கொண்டே ஊற்றுங்கள். வெந்நீரில் கரைத்தால் கட்டிதான். கண்ணாடி மாதிரி ஆனதும் நான்கு மேசைக்கரண்டி வினிகர், ஒரு கொதி, இறக்கிவிடுங்கள். வினிகரை முதலிலேயே ஊற்றிக் கொதிக்கவைக்கக் கூடாது. புளியின் அமிலம் எவ்வளவு கொதித்தாலும் ஆவியாகாது, வினிகருடையது ஓரளவு ஆவியோடு போகும். சமையலறை முழுக்கக் கண் எரியும். போதாக்குறைக்கு, புளிப்பில் அதிக நேரம் வெந்தால் சோளமாவின் பிடிப்பும் விட்டுப்போய் சாஸ் நீர்த்துவிடும். ஃப்ரிட்ஜில் நான்கைந்து நாளைக்கு மேல் வைக்க வேண்டாம். பத்து நிமிடத்தில் ஆகிற வேலை, தேவைப்படும்போது செய்துகொள்ளலாம்.

இதிலும் ஆறவிட்டுத்தான் ருசி பார்க்க வேண்டும்.

எதோடு

சமோசா இருக்கவே இருக்கிறது. பச்சை மிளகாய், கொத்தமல்லி, புதினா அரைத்த காரச் சட்னியைப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று தூக்கிக் கொடுக்கும். நம் வாழைக்காய் பஜ்ஜிக்கு இது நன்றாகவே பொருந்துகிறது, வெங்காய பஜ்ஜிக்கு இன்னும் பொருத்தம். தயிர் வடையில் தயிரை ஊற்றி, மேலே இந்தச் சட்னியைக் கோடாக இழுத்து, மீந்த சீரகப்பொடியைத் தூவிப் பாருங்கள். தயிருக்கு மேல் ஊற்ற வேண்டுமென்றால் கொஞ்சம் வெந்நீர் கலந்து இளக்கிக்கொள்ள வேண்டும், தொட்டுக்கொள்ளும் கெட்டியில் ஊற்றினால் ஒரே இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கைச் சதுரமாக நறுக்கி, இந்தச் சட்னியும் எலுமிச்சையும் கலந்து சாப்பிடுவது டெல்லியில் குளிர்காலத்துத் தெருப் பண்டம். நான் இங்கே தை மாதத்தில், பொங்கலுக்கு வாங்கின கிழங்கு மீந்தால் செய்கிறேன்.

எடுத்துவைத்த புளிச் சக்கையை மறந்துவிடாதீர்கள். அரைப்பிடி கல்லுப்பைச் சேர்த்து உருட்டி வைத்தால் வெள்ளிக்கிழமை குத்துவிளக்குத் தேய்க்க ஆகும். வெல்லமும் பேரீச்சையும் சேராத சக்கை என்பதால் எறும்பும் வராது.